ஆசிரம வாசலில் ஒரு நிமிடம்

பௌர்ணமி இரவு எட்டு மணிக்குத் திருவண்ணாமலை ரமணாசிரம வாசலுக்கு எதிரே, செங்கம் சாலை ஓரத்தில் நின்று பாருங்கள். அக்னி லிங்கத்தைக் கும்பிட்டுவிட்டு வரும் கூட்டம் எம லிங்கத்தை நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும். செருப்பில்லாத கால்கள், அப்பாவின் தோளில் தூங்கும் குழந்தை, மூச்சு வாங்கினாலும் நடையை விடாத பாட்டிகள். "எவ்வளவு பேர் இருப்பாங்க?" என்று டீக்கடையில் கேட்டால் ஒருவர் ஒரு லட்சம் என்பார், பக்கத்தில் இருப்பவர் பத்து லட்சம் என்பார். மறுநாள் நாளிதழில் 'லட்சக்கணக்கான பக்தர்கள்' என்று வரும்.

இந்தக் கூட்டத்தை எண்ண முடியாது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஆசிரம வாசலிலிருந்து சாலையின் எதிர்ப்புறம் வரை மனதுக்குள் ஒரு கோடு போடுங்கள். கைபேசியில் ஒரு நிமிடம் வைத்துக்கொண்டு அந்தக் கோட்டைக் கடப்பவர்களை மட்டும் எண்ணுங்கள். மணிக்கு ஒரு முறை இப்படி எண்ணினால் போதும். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர் நீளம். எல்லோரும் மலையை வலப்புறம் வைத்து ஒரே திசையில் நடப்பதால், ஒரு சுற்று வரும் ஒருவர் இந்த வாசலை ஒரே ஒரு முறைதான் கடப்பார், இரண்டு முறை எண்ணிவிடுவோமோ என்ற பயம் இல்லை. சராசரியாக நிமிடத்துக்கு 150 முதல் 300 பேர் வரை கடந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்து மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் 90,000-க்கும் 1,80,000-க்கும் இடையே வரும்.

அது துல்லியமான எண் கிடையாது. இருந்தாலும் டீக்கடையில் கேட்ட 'பத்து லட்சம்' இப்போது விழுந்துவிட்டது. எத்தனை கழிப்பறை, எத்தனை குடிநீர்த் தொட்டி, எத்தனை ஆம்புலன்ஸ் என்று முடிவு செய்ய வேண்டியவருக்கு இந்த இடைவெளியே பெரிய கொடை. அளத்தல் என்றால் சரியான ஒற்றை எண்ணைப் பிடிப்பது என்று பள்ளியில் நமக்குப் பதிந்துவிட்டது. முன்பு இருந்ததைவிட நம் அறியாமை குறைந்தால் அதுவே அளத்தல்தான். இந்த அத்தியாயம் முழுக்க இந்த ஒரு கருத்தை வைத்துக்கொண்டுதான் நடக்கப் போகிறோம். நடக்கும் இடம் மட்டும் மாறும். சாலையிலிருந்து கணினிக்குள் போகிறோம்.

ரமண நகரில், ஆசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களில், வீட்டு மாடிகளிலும் தோட்டங்களிலும் சின்னச் சின்ன கெஸ்ட் ஹவுஸ்கள் நிறைய. நவம்பரிலிருந்து மார்ச் வரை வெளிநாட்டவர் வந்து வாரக்கணக்கில் தங்குவார்கள். முன்பதிவு மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் நடக்கும். வெளிநாட்டவர் வந்து சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் அவர் விவரங்களை அரசு இணையதளத்தில் ஏற்ற வேண்டும். 'சி ஃபார்ம்' என்று விடுதிக்காரர்கள் சொல்லிப் பழகியது அதைத்தான். ஆகவே ஒரு சாதாரண பன்னிரண்டு அறை விடுதியின் பழைய கணினியில் பல நாட்டு மக்களின் பாஸ்போர்ட் நகல்கள் தூங்கிக்கொண்டிருக்கும். இந்த விடுதிக்காரரை நாம் கற்பனையாக எடுத்துக்கொள்வோம், ஆனால் அவர் முன் நிற்கும் ஆபத்துகள் கற்பனை அல்ல. 2025 ஏப்ரலில் மத்திய உள்துறையின் இந்திய சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் பக்தர்களையும் சுற்றுலாப் பயணிகளையும் குறிவைக்கும் மோசடிகளைப் பற்றி வெளிப்படையாக எச்சரித்தது. கேதார்நாத் ஹெலிகாப்டர் டிக்கெட், யாத்திரிகர் விடுதி, வாடகைக் கார் என்று போலி இணையதளங்களும் ஃபேஸ்புக் பக்கங்களும் வாட்ஸ்அப் கணக்குகளும் நடத்தி, பணம் வந்ததும் மறைந்துவிடுகிறார்கள். புனிதத் தலம் என்றால் வருபவர் நம்பிக்கையோடு வருவார் என்பது திருடனுக்கும் தெரியும்.

விடுதிக்காரரிடம் இதற்காகச் செலவழிக்க 20,000 ரூபாய் இருக்கிறது. எதில் போடுவது? கணினிக் கடைக்காரர் 18,000 ரூபாய்க்கு ஒரு ஃபயர்வால் பெட்டியைக் காட்டுகிறார். மருமகன் "ஆன்டிவைரஸ் போதும் மாமா" என்கிறார். பக்கத்து விடுதிக்காரர் "பத்து வருஷமா நடத்தறேன், ஒண்ணும் ஆனதில்லையே" என்கிறார். பெரிய நிறுவனங்களில் பல கோடி ரூபாய் முடிவுகள்கூடச் சில நேரம் ஏறக்குறைய இதே மூன்று குரல்களை வைத்து எடுக்கப்படுகின்றன. என்னை இந்தத் தலைப்பின் பக்கம் இழுத்ததே அதுதான்.

முதலில் பயத்தைப் பார்ப்போம். 2023 பிப்ரவரி 12 அதிகாலையில் திருவண்ணாமலை மாவட்டத்தில் நான்கு ஏடிஎம்களை கேஸ் கட்டரால் அறுத்து 72.79 லட்சம் ரூபாயைக் கொள்ளையடித்தார்கள். கேமராப் பதிவுகளை எரித்துவிட்டுப் போனார்கள். ஊரே பல நாட்கள் அதைப் பேசியது. தனிப்படைகள் ஹரியானா வரை போயின. பேசியதில் தவறில்லை. அதே 2023-இல் இணையவழி மோசடிகளில் இந்தியர்கள் இழந்ததாகப் பதிவான தொகை 7,465 கோடி ரூபாய். வகுத்துப் பாருங்கள், மணிக்கு சுமார் 85 லட்சம். நான்கு ஏடிஎம்களில் போன பணம் இந்த வழியில் 51 நிமிடங்களில் போயிருக்கிறது. 2024-இல் அந்தத் தொகை 22,845 கோடியாக ஏறியது, அந்த வேகத்தில் 72.79 லட்சம் போக 17 நிமிடம் போதும். அறுபட்ட இரும்பு கண்ணில் நிற்கிறது. ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியரின் கைபேசியிலிருந்து சத்தமில்லாமல் போன பணம் அவர் வீட்டு வாசலைக்கூடத் தாண்டுவதில்லை. கண்ணில் நிற்பதை வைத்து ஆபத்தை எடை போடுவது மனித இயல்பு. எண்களின் முதல் வேலை இந்த இயல்பைக் கொஞ்சம் நிமிர்த்துவது.

எண்களும் ஏமாற்றும், அதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 அறிக்கைப்படி தெலங்கானாவில் பதிவான சைபர் குற்ற வழக்குகள் 15,297, தமிழ்நாட்டில் 2,082. தெலங்கானாவின் மக்கள்தொகை நம்மில் பாதிதான். தலைக்கு இத்தனை வழக்கு என்று பார்த்தால் நாம் ஏறக்குறைய பதினைந்து மடங்கு பாதுகாப்பாக இருக்கிறோமா? அதே ஆண்டில் நாடு முழுக்கப் பதிவான வழக்குகள் 65,893. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்துக்கு வந்த புகார்களோ ஒன்பதரை லட்சத்துக்கும் மேல். ஆகப் பதிவான வழக்குகளின் எண் குற்றத்தை மட்டும் அளக்கவில்லை, எந்த மாநிலத்தில் காவல் நிலையம் புகாரை எளிதில் வழக்காகப் பதிகிறது என்பதையும் சேர்த்து அளக்கிறது. வழக்குகள் ஏறினால் நிலைமை மோசம், இறங்கினால் நன்மை என்று ஒரு அதிகாரி முடிவு கட்டினால், புகாரை வாங்காமல் திருப்பி அனுப்பும் நிலையத்துக்குப் பரிசு கொடுத்ததாக ஆகிவிடும். எந்த எண்ணைப் பார்த்தாலும் அது யார் கையால், எந்த மேசையில் எழுதப்பட்டது என்று கேட்டுப் பழக வேண்டும்.

இனி பக்கத்து விடுதிக்காரரின் "பத்து வருஷமா ஒண்ணும் ஆனதில்லை". இதில் ஒரு உண்மையான தகவல் இருக்கிறது. எவ்வளவு தகவல் என்பதுதான் கேள்வி. ஆண்டுக்கு 20 விழுக்காடு ஆபத்துள்ள ஒரு விடுதியை எடுத்துக்கொள்ளுங்கள், அதாவது ஐந்தில் ஒரு வாய்ப்பு. அதுகூடப் பத்து ஆண்டுகள் தொடர்ந்து தப்பிக்க ஏறக்குறைய பத்தில் ஒரு வாய்ப்பு உண்டு. தெருவில் அப்படி முப்பது விடுதிகள் இருந்தால் மூன்று பேர் நெஞ்சை நிமிர்த்தி இதே வாக்கியத்தைச் சொல்வார்கள். 1983-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஹான்லி, லிப்மன்-ஹாண்ட் என்ற இருவர் இதற்கு ஒரு எளிய விதியைப் பரப்பினார்கள். மருந்துகளின் பக்கவிளைவுக்காக எழுதப்பட்ட விதி அது. ஒன்றும் நடக்காத முறைகளின் எண்ணிக்கையால் மூன்றை வகுத்தால், உண்மையான ஆபத்து அதிகபட்சம் எவ்வளவு வரை இருக்கலாம் என்பது 95 விழுக்காடு நம்பிக்கையோடு கிடைக்கும். நூறு ஆண்டு ஒன்றும் நடக்கவில்லை என்றால் ஆண்டுக்கு 3 விழுக்காடு வரை இருக்கலாம். பத்து ஆண்டு என்றால் விதி 30 என்கிறது, நுணுக்கமாகப் போட்டால் 26. பத்து ஆண்டு அமைதி நமக்கு வாங்கித் தரும் உறுதி அவ்வளவுதான்.

இந்த ஊருக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. 2024 டிசம்பர் 1 மாலை, ஃபெஞ்சல் புயல் மழையில் அண்ணாமலையின் சரிவிலிருந்து மண்ணும் பாறையும் வ.உ.சி. நகரில் ஒரு வீட்டின் மேல் இறங்கி ஏழு உயிர்களைக் கொண்டுபோயின. அவர்களில் ஐந்து பேர் பிள்ளைகள். தலைமுறைகளாக அந்த மலையடியில் வாழ்ந்தவர்களுக்கு மலை ஒருபோதும் பயமாக இருந்ததில்லை. பன்னிரண்டு நாள் கழித்து மகாதீபம் வந்தபோது நிபுணர்களை வைத்து மலையை ஆராய்ந்து, அந்த ஆண்டு பக்தர்கள் மலையேற வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். வழக்கம் என்ன என்பதை விட்டு, இப்போது மண் எப்படி இருக்கிறது என்று கேட்ட முடிவு அது. அந்த முடிவை நான் மனதார வணங்குகிறேன்.

மீண்டும் நம் விடுதிக்கு. பாதுகாப்பு ஆலோசகர்கள் பலர் இந்த இடத்தில் ஒரு அட்டவணை தருவார்கள். ஆபத்துகளை வரிசையாக எழுதி 'அதிகம், நடுத்தரம், குறைவு' என்று சிவப்பு, மஞ்சள், பச்சை பூசுவார்கள். பார்க்க அழகாக இருக்கும். டோனி காக்ஸ் என்ற ஆய்வாளர் 2008-இல் இத்தகைய வண்ணக் கட்டங்களைக் கணித முறைப்படி சோதித்தார். சில சூழ்நிலைகளில் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுப்பதைவிட மோசமான முடிவுக்கு அவை தள்ளும் என்று காட்டினார். ஒருவருக்கு 'நடுத்தரம்' என்பது நூற்றில் ஐந்து, இன்னொருவருக்கு நூற்றில் நாற்பது. கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டிவிட்டு வேறு வேறு ஆபத்தை மனதில் வைத்துக்கொண்டு எழுந்து போவார்கள்.

வண்ணத்துக்குப் பதில் எண். "எனக்கு எண் எப்படித் தெரியும்?" என்பார் விடுதிக்காரர். அவரிடம் வேறு ஒன்றைக் கேட்போம். பெரிய கோயிலின் ராஜகோபுரம் எத்தனை அடி? ஒற்றை எண் வேண்டாம், விடை இதற்குள் இருக்கும் என்று பத்துக்கு ஒன்பது உறுதியோடு சொல்லக்கூடிய கீழ் எல்லையும் மேல் எல்லையும் போதும். அண்ணாமலை எத்தனை அடி? ரமணர் இந்த ஊருக்கு வந்தது எந்த ஆண்டு? கோபுரம் 217 அடி, மலை 2,668 அடி, ஆண்டு 1896. இப்படிப் பத்துக் கேள்வி கேட்டால் ஏறக்குறைய ஒன்பது விடைகள் எல்லைக்குள் விழ வேண்டும். முதல் முறை பெரும்பாலோருக்கு ஐந்து, ஆறுதான் விழும், ஏனென்றால் நம் எல்லோருக்கும் நம் அறிவின்மேல் நம்பிக்கை கூடுதல். நல்ல செய்தி, இது பயிற்சியால் சரியாகும். வானிலை ஆய்வாளர்கள் இதில் கெட்டிக்காரர்களாக இருப்பதற்குக் காரணம் அவர்களுக்குத் தினமும் மறுநாளே விடை தெரிந்துவிடுகிறது. நான்கைந்து சுற்று பழகினால் விடுதிக்காரரும் தன் சந்தேகத்தை நேர்மையாக எண்ணில் சொல்லக் கற்றுக்கொள்வார்.

பழகிய பிறகு அவர் சொல்வதாக வைத்துக்கொள்வோம். வாட்ஸ்அப்போ மின்னஞ்சலோ பறிபோய், திருடன் தன் வங்கிக் கணக்கை விருந்தினர்களுக்கு அனுப்பிவிடும் வாய்ப்பு ஆண்டுக்கு 10 விழுக்காடு. நடந்தால் இழப்பு சராசரியாக ஒரு லட்சம். கணினியைப் பூட்டி மீட்புப் பணம் கேட்கும் வைரஸ் வரும் வாய்ப்பு 4 விழுக்காடு, இழப்பு 80,000. பெருக்கினால் முதல் ஆபத்தின் விலை ஆண்டுக்குச் சராசரி 10,000 ரூபாய், இரண்டாவதன் விலை 3,200 ரூபாய்.

இப்போது 18,000 ரூபாய்ப் பெட்டியைப் பாருங்கள். அது இரண்டாவது ஆபத்தை அடியோடு ஒழித்தாலும் ஆண்டுக்கு 3,200 ரூபாய்க்கு மேல் மிச்சம் பிடிக்க முடியாது. போட்ட பணம் திரும்பவே ஐந்து ஆண்டுக்கு மேல் ஆகும். முதல் ஆபத்துக்கு அது தொடர்பே இல்லை. அதற்கு என்ன மருந்து? 2019-இல் கூகுள் நிறுவனம் நியூயார்க், கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து அளந்து சொன்னது இருக்கிறது. கணக்கில் இரண்டாம் சரிபார்ப்பாகக் கைபேசிக்கு எஸ்எம்எஸ் குறியீடு வரும்படி வைத்தாலே, கூட்டமாக வீசப்படும் தூண்டில் மோசடிகளில் 96 விழுக்காடும், குறிவைத்து நடத்தப்படும் தாக்குதல்களில் 76 விழுக்காடும் தடுக்கப்பட்டன. யூஎஸ்பி போலச் செருகும் பாதுகாப்புச் சாவி வைத்திருந்தவர்களிடம் அந்த ஆய்வுக் காலத்தில் ஒரு தாக்குதலும் பலிக்கவில்லை. நம் விடுதியில் ஆபத்து பாதிதான் குறையும் என்று வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 5,000 ரூபாய் மிச்சம். செலவு பத்து நிமிடம். பிறகு 5,000 ரூபாய்க்கு ஒரு ஹார்டு டிஸ்க் வாங்கி வாரம் ஒரு முறை நகல் எடுத்துக் கழற்றி அலமாரியில் வைத்தால், வைரஸ் வந்தாலும் இழப்பு 80,000-லிருந்து 15,000 ஆகச் சுருங்கும். ஆண்டுக்கு 2,600 ரூபாய் மிச்சம். மீதிப் பதினைந்தாயிரம் பையிலேயே இருக்கிறது. விடுதிக்காரர் சொன்ன எண்கள் இரண்டு மடங்கு தவறாக இருந்தாலும் முதலில் எதைச் செய்வது என்ற வரிசை மாறாது என்பதைக் கவனியுங்கள். எண் தோராயமாக இருந்தாலும் முடிவு உறுதியாக இருக்க முடியும்.

சராசரி மட்டும் போதாது. ஆண்டுக்கு 10,000 என்பது வருடா வருடம் பத்தாயிரம் போவதல்ல, ஒன்பது ஆண்டு ஒன்றும் போகாமல் ஒரு ஆண்டு மூன்று லட்சம்கூடப் போகலாம். அந்த ஒரு ஆண்டை விடுதி தாங்குமா? இதற்கு உத்திரமேரூருக்குப் போக வேண்டும். பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு சொல்லும் குடவோலையை நினைத்துக்கொள்ளுங்கள். குடத்தில் நூறு ஓலை, அவற்றில் பத்து ஓலையில் 'பறிபோனது' என்று எழுதியிருக்கிறது. குலுக்கி ஒன்று எடுத்தால் ஒரு ஆண்டு. குறியுள்ள ஓலை வந்தால், இழப்புத் தொகைகள் எழுதிய இரண்டாவது குடத்திலிருந்து இன்னொன்று. ஓலைகளைத் திரும்பப் போட்டு மறுபடி குலுக்க வேண்டும். இப்படிப் பத்தாயிரம் முறை எடுத்து, எத்தனை ஆண்டுகளில் இழப்பு இரண்டு லட்சத்தைத் தாண்டியது என்று எண்ணினால் அதுதான் நமக்கு வேண்டிய விடை. மான்டே கார்லோ முறை என்று உலகம் சொல்வது இதைத்தான். கணினியில் ஒரு எக்செல் தாள் நொடிப்பொழுதில் செய்துவிடும். அணு ஆயுத ஆராய்ச்சிக்காக 1940-களில் உருவான இந்த முறை, இன்று பன்னிரண்டு அறை விடுதிக்கும் எட்டும் தூரத்தில் இருக்கிறது.

பெரிய நிறுவனங்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு, அலாரம். மறுபடி ஆசிரம வாசலுக்கு வாருங்கள். அங்கே முகம் அறியும் கேமரா ஒன்றை வைத்ததாகக் கொள்வோம். கடக்கும் ஒரு லட்சம் பேரில் 100 பேர் பழைய ஜேப்படிக்காரர்கள். கேமரா 99 விழுக்காடு சரி. கேட்கவே நன்றாக இருக்கிறது. திருடர்களில் 99 பேரைப் பிடித்துவிடும். மீதி 99,900 பக்தர்களில் நூற்றுக்கு ஒருவரை, அதாவது 999 பேரைத் தவறாகப் பிடிக்கும். மணி அடிக்கும் 1,098 முறைகளில் பத்துக்கு ஒன்பது முறை எதிரில் நிற்பது திருவண்ணாமலைக்கு வேண்டுதலோடு வந்த ஒருவர். ஸ்டெஃபான் ஆக்செல்சன் 1999-இல் கணினி ஊடுருவலைக் கண்டறியும் கருவிகளுக்கு இதே கணக்கைப் போட்டார். ஒரு நிறுவனத்தின் வலையமைப்பில் கோடிக்கணக்கான நிகழ்வுகளில் உண்மையான ஊடுருவல் விரல்விட்டு எண்ணக்கூடியது. அங்கே 99 விழுக்காடு துல்லியம் என்பது பயனற்ற துல்லியம். இரவுப் பணியில் உட்கார்ந்திருக்கும் இளைஞன் ஆயிரம் பொய் மணிகளைக் கேட்டுக் களைத்த பின் ஆயிரத்து ஒன்றாவது மணியையும் மூடிவிடுகிறான். அவனைக் குற்றம் சொல்வதற்கு முன் அந்தக் கருவியை வாங்கியவர் இந்தப் பெருக்கல் கணக்கைப் போட்டாரா என்று கேட்க வேண்டும்.

அளந்து பார்த்ததால் ஒழிந்த ஒரு வழக்கத்தையும் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை பாஸ்வேர்டை மாற்று என்று எத்தனையோ அலுவலகங்களில் ஊழியர்களை வாட்டினார்கள். 2010-இல் வட கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மாற்றப்பட்ட பழைய பாஸ்வேர்டுகளை எடுத்துச் சோதித்தார்கள். பழையது தெரிந்தால், 41 விழுக்காடு கணக்குகளில் புதியதைச் சில நொடிகளில் கணினியால் கண்டுபிடிக்க முடிந்தது. மக்கள் 'முருகன்1'-ஐ 'முருகன்2' ஆக்குகிறார்கள், அவ்வளவே. 2017-இல் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் அந்தக் கட்டாயத்தையே கைவிடச் சொன்னது. அனுபவசாலிகள் பல ஆண்டுகளாக உறுதியாக நம்பியதை ஒரு அளவீடு கவிழ்த்தது. நம் அலுவலகங்கள் சிலவற்றில் இன்னும் அந்தக் கட்டாயம் இருப்பது எனக்கு வருத்தம்.

தரவே இல்லையே என்பவர்களுக்கு வயலில் ஒரு விடை இருக்கிறது. ஆரணி, செய்யாறு பக்கம் நெல் அறுவடைக் காலத்தில் பயிர் அறுவடைப் பரிசோதனை நடக்கும். எண்கள் குலுக்கலில் வந்தபடி ஒரு வயலைத் தேர்ந்து, ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் விளைந்ததை மட்டும் அறுத்து எடை போடுவார்கள். இப்படிச் சில சதுரங்கள் சேர்ந்து ஒரு பெரும் பரப்பின் விளைச்சலைச் சொல்லிவிடும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம், பானையைக் கிளறிவிட்டு எடுத்தால். குலுக்கல் என்பது அந்தக் கிளறல். ரமண நகரில் ஐந்து கெஸ்ட் ஹவுஸ்களைக் குலுக்கலில் எடுத்து, "போன சீசனில் எத்தனை மோசடி முயற்சி வந்தது?" என்று கேளுங்கள். கிடைக்கும் ஐந்து எண்களில் சிறியதற்கும் பெரியதற்கும் இடையே தெருவின் நடு எண் இருக்கும் வாய்ப்பு 93.75 விழுக்காடு. ஐந்தே பேர்! நாணயத்தை ஐந்து முறை சுண்டி ஐந்தும் ஒரே பக்கம் விழுவது எவ்வளவு அரிது என்று யோசித்தால் காரணம் புரிந்துவிடும். நண்பர்களாகப் பார்த்துக் கேட்டால் மட்டும் இந்தக் கணக்கு கெடும். இது நடு எண்ணைத்தான் சொல்லும், தெருவிலேயே பெரிய அடி வாங்கியவரைச் சொல்லாது. வெட்கத்தில் வாய் திறக்காதவர் அவராகத்தான் இருப்பார்.

அவரைப் பேச வைப்பது எல்லா அளவீட்டையும்விட முக்கியம். 1930 என்ற உதவி எண்ணின் பின்னால் இருக்கும் ஏற்பாட்டில் வங்கிகளும் காவல்துறையும் ஒரே திரையில் இணைந்திருக்கின்றன. பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவுவதற்குள் புகார் வந்தால் வழியிலேயே முடக்கிவிடலாம். அதனால் ஏமாந்ததை உணர்ந்த நேரத்துக்கும் அழைத்த நேரத்துக்கும் இடையிலான நிமிடங்கள்தான், ஒரு விடுதியோ ஒரு குடும்பமோ தனக்குத் தானே அளந்துகொள்ளக்கூடிய மிகப் பயனுள்ள எண்.

சீசன் நவம்பரில் தொடங்கும். கத்திரி வெயிலில் அறைகள் காலியாகக் கிடக்கும் மே மாதத்தில் ஒரு நாள் மாலை ஒத்திகை பாருங்கள். அலமாரியிலிருந்து ஹார்டு டிஸ்க்கை எடுத்து, வேறொரு கணினியில் போன டிசம்பரின் முன்பதிவுப் பட்டியலைத் திறந்து பாருங்கள். எத்தனை நிமிடம் ஆனது, எந்தக் கோப்பு திறக்கவில்லை, தேவை முடிந்தும் யாருடைய பாஸ்போர்ட் நகல் இன்னும் கிடக்கிறது என்று வரவேற்பறை நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். அழிக்க வேண்டியதை அன்றைக்கே அழியுங்கள். கார்த்திகை தீபத்துக்கு ஒரு மாதம் முன்பு அதே ஒத்திகையை மறுபடி பார்த்து, இரண்டாவது எண்ணை முதல் எண்ணின் பக்கத்தில் எழுதுங்கள்.